இந்தியாவில் மோட்டார் வாகனக் காப்பீட்டுக் கட்டணத்தின் வரலாறு

இந்தியாவில் கார் உரிமையாளர் ஒருவர் ஆண்டுதோறும் செலுத்தும் காப்பீட்டுக் கட்டணம் (பிரீமியம்) இரண்டு தனித்தனிக் கட்டணங்களின் கூட்டுத்தொகையாகும். வாகனத்தால் பிறருக்கு ஏற்படும் உயிரிழப்பு, காயம், பொருட்சேதம் ஆகியவற்றுக்கானது மூன்றாம் நபர் காப்பீடு. இது சட்டப்படி கட்டாயமானது. இதன் விலையை அரசு நிர்ணயிக்கிறது. வாகனத்திற்கே ஏற்படும் சேதம், திருட்டு ஆகியவற்றுக்கானது சொந்தச் சேதக் காப்பீடு. இதை எடுப்பது உரிமையாளரின் விருப்பம். இதன் விலையை 2007 முதல் நிறுவனங்களே நிர்ணயித்து வருகின்றன. இவ்விரண்டும் வெவ்வேறு காரணங்களால் ஏறி இறங்குகின்றன. பாலிசியின் இறுதியில் உள்ள மொத்தத் தொகையை மட்டும் பார்ப்பவருக்கு இவ்வேறுபாடு புலப்படுவதில்லை.

சட்டத்தின் தோற்றம்

பிரிட்டனில் 1930ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அதைப் பின்பற்றி, இந்தியாவின் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் எட்டாம் அத்தியாயம் சேர்க்கப்பட்டது. ஆயினும் இந்த அத்தியாயம் உடனே நடைமுறைக்கு வரவில்லை. 1946 சூலை 1 அன்றுதான் அமலுக்கு வந்தது. அதுவரை, மோட்டார் மோதி இறந்தவரின் குடும்பத்தினர் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கிட்டு வென்றாலும், வண்டி உரிமையாளரிடம் பணம் இல்லையென்றால் அந்தத் தீர்ப்பு வெறும் காகிதமாகவே இருந்தது. இக்குறையைப் போக்குவதே கட்டாயக் காப்பீட்டின் நோக்கம்.

1956ஆம் ஆண்டுத் திருத்தம், மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்கள் அமைக்க வழி செய்தது. பழைய சட்டத்தில் சரக்கு வாகனங்கள் போன்ற சில வகைகளுக்குக் காப்பீட்டு நிறுவனம் தர வேண்டிய தொகைக்கு உச்சவரம்பு இருந்தது. சரக்கு வாகனங்களுக்கு இது 1982இல் ஒன்றரை லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. 1989 சூலை 1 முதல் அமலான 1988ஆம் ஆண்டின் புதிய சட்டம், உயிரிழப்புக்கும் காயத்துக்கும் இந்த உச்சவரம்பையே நீக்கியது. மூன்றாம் நபர் கட்டணத்தின் பிற்கால வரலாறு முழுவதும் இந்த ஒரு மாற்றத்தைச் சுற்றியே நடந்தது எனலாம்.

கட்டணக் குழுவின் காலம்

1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் 1968இல் திருத்தப்பட்டபோது கட்டண ஆலோசனைக் குழு சட்டப்பூர்வ அமைப்பாயிற்று. 1973 சனவரி முதல் பொதுக் காப்பீடு நாட்டுடைமையாக்கப்பட்டது. 107 நிறுவனங்கள் இணைக்கப்பட்டு நான்கு நிறுவனங்களாயின. மும்பையில் நியூ இந்தியா, கொல்கத்தாவில் நேஷனல், தில்லியில் ஓரியண்டல், சென்னையில் யுனைடெட் இந்தியா எனத் தலைமையகங்கள் அமைந்தன. எந்த நிறுவனத்தை அணுகினாலும் கட்டணம் ஒன்றே. பேரம் பேசுவதற்கோ ஒப்பிட்டுப் பார்ப்பதற்கோ இடமில்லை.

2002ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் கட்டணப் பட்டியல் இக்காலத்தின் முழுமையான ஆவணமாகும். சொந்தச் சேதக் கட்டணத்தை அது மூன்று அளவுகோல்களால் கணக்கிட்டது: எஞ்சின் கொள்ளளவு, வாகனத்தின் வயது, பதிவு செய்யப்பட்ட இடம். தனியார் கார்களுக்குச் சென்னை, மும்பை, கொல்கத்தா, புதுதில்லி, பெங்களூரு, ஐதராபாத், அகமதாபாத், புனே ஆகிய எட்டு நகரங்கள் முதல் மண்டலம். நாட்டின் பிற பகுதிகள் அனைத்தும் இரண்டாம் மண்டலம். 1000 முதல் 1500 சிசி வரையுள்ள, ஐந்து வயதுக்கு மேற்படாத காருக்கு முதல் மண்டலத்தில் 3.283 விழுக்காடு, இரண்டாம் மண்டலத்தில் 3.191 விழுக்காடு. அதாவது, ஆறு லட்சம் ரூபாய் மதிப்புள்ள கார் சென்னையில் பதிவாகியிருந்தால் 19,698 ரூபாய். தஞ்சாவூரில் பதிவாகியிருந்தால் 19,146 ரூபாய். அண்ணா சாலை நெரிசலுக்கும் தஞ்சை வீதிக்கும் இடையே பட்டியல் கண்ட வேறுபாடு 552 ரூபாய்தான்!

இந்த விழுக்காடு கணக்கிடப்படும் மதிப்பே ஐ.டி.வி. எனப்படும் காப்பீட்டு மதிப்பு. தயாரிப்பாளரின் பட்டியல் விலையிலிருந்து தேய்மானம் கழித்து இது பெறப்படுகிறது: ஆறு மாதம் வரை 5 விழுக்காடு, ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50. மதிப்பைக் குறைத்துக் காட்டினால் கட்டணம் குறையும். ஆனால் கார் திருடு போனால் கிடைக்கும் தொகையும் அதே அளவுக்குக் குறையும் என்பதைப் பலர் இழப்பு நேர்ந்த பின்னரே உணர்கின்றனர்.

இன்றும் மாறாமல் தொடர்வது நோ கிளெய்ம் போனஸ். ஓராண்டு இழப்பீடு கோராதவருக்குச் சொந்தச் சேதக் கட்டணத்தில் 20 விழுக்காடு தள்ளுபடி. தொடர்ந்து கோராவிட்டால் 25, 35, 45 என உயர்ந்து ஐந்தாம் ஆண்டின் முடிவில் 50 விழுக்காடாகும். ஒரு முறை கோரினால் மீண்டும் சுழியம். கட்டணம் 12,000 ரூபாயாக இருந்து, 50 விழுக்காட்டுத் தள்ளுபடியை எட்டவிருப்பவர், 3,500 ரூபாய்க் கீறலுக்காக இழப்பீடு கோரினால் அடுத்த ஆண்டு 6,000 ரூபாயை இழப்பார். இச்சலுகை உரிமையாளரைச் சேர்ந்தது, வண்டியைச் சேர்ந்ததன்று. பழைய காரை விற்றவர் தம் புதிய காருக்கு இதை மாற்றிக்கொள்ளலாம். பழைய காரை வாங்கியவருக்கு இது கிடைக்காது. பாலிசி காலாவதியாகி 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் சலுகை அழிந்துவிடும்.

தீர்ப்புகளும் மூன்றாம் நபர் கட்டணமும்

உச்சவரம்பு நீங்கிய பின், மூன்றாம் நபர் காப்பீட்டின் செலவை முடிவு செய்யும் இடம் நீதிமன்றமாயிற்று. சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009இல் வழங்கிய தீர்ப்பு, இறந்தவரின் வயதுக்கேற்ற பெருக்கெண் அட்டவணையை ஒழுங்குபடுத்தியது. பிரணய் சேத்தி வழக்கில் 2017இல் அரசியல் சாசன அமர்வு வழங்கிய தீர்ப்பு, எதிர்கால வருமான உயர்வையும் கணக்கில் சேர்க்கும் விகிதங்களை வகுத்தது.

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மாதம் 20,000 ரூபாய் சம்பாதித்த, சுயதொழில் செய்த 28 வயது இளைஞர் இறக்கிறார். மனைவியும் இரு குழந்தைகளும் உள்ளனர். ஆண்டு வருமானம் 2,40,000 ரூபாய். எதிர்கால உயர்வுக்கு 40 விழுக்காடு சேர்த்தால் 3,36,000. அவருடைய சொந்தச் செலவுக்கென மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 2,24,000. இந்த வயதுக்குரிய பெருக்கெண் 17. எனவே 38,08,000 ரூபாய். இதனுடன் ஈமச்சடங்குச் செலவு போன்ற வழக்கமான தொகைகளும் சேரும். மோதிய கார் 1200 சிசி என்றால், அதன் உரிமையாளர் 2022 சூன் முதல் அமலான பட்டியலின்படி ஓராண்டுக்குச் செலுத்திய மூன்றாம் நபர் கட்டணம் 3,416 ரூபாய். இக்கட்டணம் ஏன் உயர்கிறது என்று சலித்துக்கொள்பவர்கள் இந்த இரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

தனியார் கார்களுக்கான இக்கட்டணம் எஞ்சின் கொள்ளளவை மட்டுமே பொறுத்தது. 1000 சிசிக்கு உட்பட்டவை, 1000 முதல் 1500 வரை, அதற்கு மேல் என மூன்று பிரிவுகள். 2018-19இல் இவற்றுக்கு முறையே 1,850, 2,863, 7,890 ரூபாய். 2019-20இல் முதல் இரண்டும் 2,072, 3,221 என உயர்ந்தன. பெருந்தொற்றுக் காலத்தில் திருத்தம் இல்லை. 2022இல் 2,094, 3,416, 7,897 எனச் சிறிதளவே கூட்டப்பட்டது. மின்சாரக் கார்களுக்கு 15 விழுக்காடும் கலப்பின வாகனங்களுக்கு 7.5 விழுக்காடும் தள்ளுபடி வழங்கப்பட்டது. வண்டி பெரம்பலூரில் ஓடினாலும் மும்பையில் ஓடினாலும் இத்தொகையில் மாற்றமில்லை.

கட்டாயம் என்று சட்டம் சொன்னாலும் புதுப்பிக்காமல் ஓடும் வாகனங்கள் ஏராளம். கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பியல் அறுவை மருத்துவர் எஸ்.ராஜசேகரன் தொடர்ந்த சாலைப் பாதுகாப்புப் பொதுநல வழக்கில், 2018 சூலையில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி, அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு மூன்றாண்டுக்கும் இருசக்கர வாகனங்களுக்கு ஐந்தாண்டுக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டை முன்கூட்டியே எடுப்பது கட்டாயமாயிற்று. புதிய கார் வாங்குபவரின் முதல் பாலிசித் தொகை திடீரென உயர்ந்ததற்கு இதுவே காரணம். அதே ஆண்டில், சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பைத் தொடர்ந்து, உரிமையாளர்-ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு 15 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதுவரை கார் உரிமையாளருக்கு இது 2 லட்சமாகவே இருந்தது. 2021 ஆகஸ்டில், புதிய வாகனங்களுக்கு ஐந்தாண்டு முழுமைக் காப்பீட்டைக் கட்டாயமாக்கி அதே உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. நடைமுறைச் சிக்கல்கள் எடுத்துரைக்கப்பட்டதால் அடுத்த மாதமே அது திரும்பப் பெறப்பட்டது.

கட்டண விடுவிப்பு

1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அமைந்து, தனியார் நிறுவனங்கள் மீண்டும் நுழைந்தன. 2007 சனவரி 1 முதல் சொந்தச் சேதக் கட்டணம் விடுவிக்கப்பட்டது. நிறுவனங்கள் பழைய பட்டியலை அடிப்படையாக வைத்துத் தள்ளுபடி தரத் தொடங்கின. இப்போது காரின் மாடல், உதிரிபாக விலை, அந்த மாடல் எத்தனை முறை பழுதுக்கு வருகிறது, எவ்வளவு திருடு போகிறது என்பனவும் கணக்கில் வந்தன. ஒரே சிசி உள்ள இரு கார்களுக்கு வேறுவேறு கட்டணம் வருவது இதனால்தான். விற்பனையகத்தில் தரும் பாலிசியைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஆயினும் சாவி கையில் கிடைக்கும் மகிழ்ச்சியில் விலையை ஒப்பிடுவோர் குறைவு.

விடுவிப்புக்குப் பின் வந்த கூடுதல் காப்புகளும் விலையை மாற்றின. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்களின் விலையில் பாதி கழிக்கப்படும். இன்றைய கார்களின் பம்பர் பெரும்பாலும் பிளாஸ்டிக் என்பதால் இக்கழிவு உரிமையாளரின் கையைக் கடித்தது. இதை ஈடுசெய்யவே தேய்மானமில்லாக் காப்பு விற்கப்படுகிறது. எஞ்சின் காப்பின் தேவையைச் சென்னைவாசிகளுக்கு உணர்த்தியது 2015 திசம்பர் வெள்ளம். வெள்ளச் சேதம் சாதாரண பாலிசியிலேயே அடங்கும். ஆனால் நீரில் நின்ற காரை இயக்க முயன்று எஞ்சினுக்குள் நீர் புகுந்து கெட்டால், அதை விளைவுச் சேதம் எனக் கூறி நிறுவனங்கள் மறுக்க இடமுண்டு.

ஓட்டுநர் எங்கே?

பிரிட்டனில் ஓட்டுபவரின் வயது, அனுபவம், முந்தைய விபத்துகள் ஆகியவை கட்டணத்தின் முதன்மைக் காரணிகள். ஆணா பெண்ணா என்பதும் அங்குக் காரணியாக இருந்தது; ஐரோப்பிய நீதிமன்றம் 2011இல் அளித்த தீர்ப்பால் 2012 திசம்பரில் அது நீக்கப்பட்டது. இந்தியப் பட்டியலோ தொடக்கம் முதலே வாகனத்தை அளந்ததேயன்றி ஓட்டுபவரை அளக்கவில்லை. நோ கிளெய்ம் போனஸ் மட்டுமே விதிவிலக்கு. அதுவும் இழப்பீடு கோராமையைத்தான் காட்டும், கவனமான ஓட்டுதலை அல்ல. சிவப்பு விளக்கை மதிக்காதவரும் முப்பதாண்டு விதி பிறழாதவரும் ஒரே மூன்றாம் நபர் கட்டணம் செலுத்துவது நியாயமன்று.

ஆணையம் அமைத்த பணிக்குழு ஒன்று, போக்குவரத்து விதிமீறல்களுக்குப் புள்ளிகள் இட்டு, அதற்கேற்ப பாலிசியில் ஐந்தாவது பிரிவாகத் தனிக் கட்டணம் சேர்க்கலாம் என 2021இல் பரிந்துரைத்தது. 2022 சூலையில் ஆணையம், ஓடும் கிலோமீட்டரையும் ஓட்டும் முறையையும் பொறுத்துக் கட்டணம் கணக்கிடும் கூடுதல் காப்புகளை அனுமதித்தது. இவை சொந்தச் சேதப் பகுதிக்கு மட்டுமே பொருந்தும். வாரம் ஒரு முறை கோயிலுக்கோ சந்தைக்கோ மட்டும் காரை எடுப்பவருக்கு இவ்வகையில் கட்டணம் குறையலாம்; அவருடைய மூன்றாம் நபர் கட்டணம் மட்டும் நாள்தோறும் நெடுஞ்சாலையில் ஓடும் அதே சிசி காருக்கு உள்ளதுதான்.