சிங்கப்பூரில் இணையவழித் தீவிரவாதத் தடுப்புக் கொள்கை

இணையத்தின் வழியாக வன்முறைச் சித்தாந்தத்துக்கு ஆட்படுவோரைக் கண்டறிந்து தடுக்கவும், அதிலிருந்து மீட்டெடுக்கவும் சிங்கப்பூர் அரசு கையாண்டுவரும் சட்டங்களும் திட்டங்களும் இக்கட்டுரையில் விவரிக்கப்படுகின்றன. விசாரணையின்றிக் காவலில் வைக்கும் பழைய சட்டம், சமய அறிஞர்கள் தொண்டாக நடத்தும் ஆலோசனை, பிற்காலத்தில் வந்த இணையப் பாதுகாப்புச் சட்டங்கள் ஆகிய மூன்றும் சேர்ந்ததே இக்கொள்கை. 2001இல் ஓர் இரகசிய அமைப்பை ஒடுக்குவதற்காகத் தொடங்கிய இது, கால் நூற்றாண்டுக்குள் பதின்ம வயதுப் பள்ளி மாணவர்களைக் கையாளும் கொள்கையாக உருமாறியது.

சட்டப் பின்னணி

இக்கொள்கையின் அடித்தளம் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம். 1948இல் மலாயாவில் பிரிட்டிஷார் பிறப்பித்த அவசரகால விதிகளில் இதன் வேர் இருக்கிறது. 1960இல் மலாயாவில் சட்டமாகி, 1963இல் மலேசியா உருவானபோது சிங்கப்பூருக்கும் நீட்டிக்கப்பட்டது. தேசப் பாதுகாப்புக்கு ஒருவரால் ஆபத்து என்று அரசு கருதினால், அவரை நீதிமன்ற விசாரணை இல்லாமல் இரண்டு ஆண்டுகள் வரை காவலில் வைக்கலாம். அந்தக் காலத்தை மேலும் மேலும் நீட்டிக்கவும் செய்யலாம். உச்ச நீதிமன்ற நீதிபதி தலைமையிலான ஆலோசனை வாரியம் ஒவ்வொரு வழக்கையும் பரிசீலிக்கும். ஆனால் 1989இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, நடைமுறை சரியாகப் பின்பற்றப்பட்டதா என்பதை மட்டுமே நீதிமன்றம் கேட்க முடியும்.

இதே சட்டம் 1987இல் தேவாலய சமூக ஊழியர்கள், வழக்கறிஞர்கள் உள்ளிட்ட 22 பேர் மீது பாய்ந்தது. ‘மார்க்சியச் சதி’ என்று அரசு கூறிய அந்தக் குற்றச்சாட்டு எந்த நீதிமன்றத்திலும் மெய்ப்பிக்கப்படவில்லை. மலேசியா தன் சட்டத்தை 2012இல் நீக்கிவிட்டது, சிங்கப்பூர் வைத்துக்கொண்டது. மறுவாழ்வுத் திட்டத்தின் சாதனைகளை எடைபோடும்போது, அவையனைத்தும் இந்தச் சட்டத்தின் சுவர்களுக்குள்ளேயே நிகழ்ந்தவை என்பதை மறக்கக் கூடாது.

சமய மறுவாழ்வுக் குழு

2001 டிசம்பரில் ஜெமா இஸ்லாமியா எனும் இரகசியத் தீவிரவாத அமைப்பைச் சேர்ந்தவர்கள் சிங்கப்பூரில் கைது செய்யப்பட்டனர். அமெரிக்கத் தூதரகமும் யீஷூன் பெருவிரைவு ரயில் நிலையச் சுற்றுப்புறமும் அவர்களின் இலக்குப் பட்டியலில் இருந்தன. யீஷூனில் அவர்கள் எடுத்த வேவுக் காணொளி ஆப்கானிஸ்தானில் கண்டெடுக்கப்பட்டது. 2002 ஆகஸ்டில் மேலும் 21 பேர் பிடிபட்டனர். இவர்கள் படிப்பறிவற்றவர்களோ வறுமையில் உழன்றவர்களோ அல்லர். வேலையும் குடும்பமும் உள்ள சாதாரண மனிதர்கள் என்பதே சமூகத்தை அதிரவைத்தது.

கைதானவர்களிடம் பேசிப்பார்க்குமாறு அதிகாரிகள் சமய அறிஞர்களை அழைத்தனர். கதீஜா பள்ளிவாசலின் உஸ்தாத் (சமய ஆசிரியர்) அலி ஹாஜி முகம்மதுவும், இஸ்லாமிய அறிஞர்கள் சங்கமான பெர்காஸின் தலைவராக இருந்த உஸ்தாத் முகம்மது ஹஸ்பி ஹஸனும் முன்வந்தனர். 2003 ஏப்ரலில் சமய மறுவாழ்வுக் குழு உருவானது. அதில் இருந்தவர்கள் சம்பளமின்றித் தங்கள் சொந்த நேரத்தைக் கொடுத்த ஆசிரியர்கள். அரசின் கைப்பாவைகள் என்ற பழியைச் சொந்தச் சமூகத்திலேயே சுமக்க நேரும் என்று தெரிந்துதான் இறங்கினார்கள். இந்த வரலாற்றில் மிகவும் மதிக்கத்தக்க செயல் இதுதான்.

அவர்கள் எதிர்கொண்ட முதல் தடை, ஜெமா இஸ்லாமியா தலைமைக்கு உறுப்பினர்கள் செய்துகொடுத்திருந்த பைஅத் எனும் பிரமாணம். அதை மீறினால் இறைவனுக்கே துரோகம் செய்ததாகிவிடும் என்று பலர் நம்பினர். அந்தப் பிரமாணம் மார்க்கப்படி கட்டுப்படுத்தாது என்பதையும், ஜிஹாத் என்பதற்கு அவர்கள் கற்றிருந்த பொருள் திரிக்கப்பட்டது என்பதையும் நூலாதாரத்தோடு விளக்குவதுதான் ஆலோசனையின் சாரம். இது மாதக்கணக்கில், சிலரிடம் ஆண்டுக்கணக்கில் நீளும் வேலை. இதற்கு இணையாக, பிற அமைப்புகள் கூடிய ஒரு பராமரிப்புக் குழு காவலில் இருந்தோரின் மனைவியருக்கு வேலையும் பிள்ளைகளுக்குக் கல்வி உதவியும் தேடித் தந்தது. தந்தையின் கைது பிள்ளையின் மனத்தில் பகையாக வளர்ந்துவிடக் கூடாது என்பது அதன் நோக்கம்.

தானாக மாறியவர்கள்

2007இல் பலதொழில் கல்லூரியின் சட்ட விரிவுரையாளர் ஒருவர் காவலில் வைக்கப்பட்டபோது கொள்கை திசைமாறியது. அவரை எந்த அமைப்பும் சேர்க்கவில்லை; பைஅத் எதுவும் அவர் செய்திருக்கவில்லை. இணையத்தில் படித்தும் கேட்டும் ஆப்கானிஸ்தானில் போரிடும் முடிவுக்கு வந்திருந்தார். 2010இல் விடுவிக்கப்பட்ட அவர் 2012இல் மீண்டும் காவலுக்குத் திரும்பினார். அமைப்பைக் கலைத்தால் அதன் பிடி தளரும். இணையத்தில் கலைப்பதற்கு அமைப்பு எதுவும் இல்லை. 2010இல் பிடிபட்ட தேசிய சேவையாளர் ஒருவர் தீவிரவாதப் போதகர் அன்வர் அல்-அவ்லாக்கியுடன் இணையம் வழியாகவே தொடர்புகொண்டிருந்தார்.

ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) எனும் தீவிரவாத அமைப்பு எழுந்த பின் வயது இறங்கத் தொடங்கியது. 2015இல் 19 வயது இளையர் காவலில் வைக்கப்பட்டார். 17 வயது மாணவர் ஒருவர், காவலில் வைக்காமல் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தும் ‘கட்டுப்பாட்டு ஆணை’யில் வைக்கப்பட்டார். 2016 செப்டம்பரில் பொதுமக்களை விழிப்பூட்டும் ‘எஸ்ஜி செக்யூர்’ இயக்கம் தொடங்கியது. 2017 முதல் இஸ்லாமியச் சமய ஆசிரியர்கள் அனைவரும் பதிவுசெய்துகொள்வது கட்டாயமானது. அதே ஆண்டில் தமிழ் முஸ்லிம்களின் பழமையான சூலியா பள்ளிவாசலில், இந்தியாவிலிருந்து வந்திருந்த இமாம் ஒருவர் யூதர்களுக்கும் கிறிஸ்துவர்களுக்கும் எதிராகத் தொழுகையில் வேண்டிய காணொளி ஃபேஸ்புக்கில் பரவியது. அவருக்கு 4,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. அவர் பிற சமயத் தலைவர்களிடம் நேரில் மன்னிப்புக் கேட்டு நாடு திரும்பினார். வெறுப்புப் பேச்சைத் திறந்த நீதிமன்றத்திலும் கையாள முடியும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

கிறைஸ்ட்சர்ச்சின் நிழல்

2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவன், அதை ஃபேஸ்புக்கில் நேரலையாக ஒளிபரப்பினான். அந்தக் காணொளியைப் பார்த்து, கொலையாளியின் அறிக்கையைப் படித்த 16 வயது சிங்கப்பூர் மாணவர் ஒருவர், அதே தேதியில் 2021இல் அஸ்யாஃபா, யூசோஃப் இஷாக் பள்ளிவாசல்களைத் தாக்கத் திட்டமிட்டார். வெட்டுக்கத்தியால் தாக்கி, அதை நேரலையாகக் காட்டுவது அவருடைய எண்ணம். 2020 டிசம்பரில் அவர் காவலில் வைக்கப்பட்டார். அவர் இந்திய வம்சாவளியினர், புராட்டஸ்டன்ட் கிறிஸ்துவர். தீவிரவாதம் என்றாலே ஒரு சமயத்தாரை மட்டும் நினைக்கும் பழக்கத்தை இந்த வழக்கு உடைத்தது. உஸ்தாத்களுக்குப் பதிலாகக் கிறிஸ்துவ ஆலோசகரும் உளவியலாளரும் அவரிடம் பேச வேண்டியிருந்தது.

இணையச் சட்டங்கள்

தளங்களைப் பொறுப்பாக்கும் சட்டங்கள் இதற்குப் பின்னரே முழு வடிவம் பெற்றன. 1990ஆம் ஆண்டின் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டு, 2022 நவம்பரில் நடப்புக்கு வந்தது; சமய நல்லிணக்கத்தைக் குலைப்பவர்மீதான தடையாணை உடனே செல்லுபடியாக அது வழிசெய்தது. 2023 பிப்ரவரி முதல், பயங்கரவாதத்தைத் தூண்டும் பதிவுகளைச் சிங்கப்பூர்ப் பயனாளர்கள் பார்க்க முடியாதபடி முடக்குமாறு சமூக ஊடகங்களுக்கு உத்தரவிடலாம். அதே ஆண்டு ஜூலையில் ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டாக், ட்விட்டர், யூடியூப், ஹார்ட்வேர்ஸோன் ஆகிய ஆறு தளங்களுக்கு நடைமுறை விதிகள் வந்தன. இணையக் குற்றத் தீங்குகள் சட்டம் 2024 பிப்ரவரியில் நடப்புக்கு வந்தது.

இந்தச் சட்டங்கள் எட்டாத இடங்களும் உண்டு. 2023இல் கட்டுப்பாட்டு ஆணை பெற்ற 16 வயது மாணவர், ரோப்லாக்ஸ் விளையாட்டுக்குள் ஐஎஸ் அமைப்பைப் போலவே உருவாக்கப்பட்ட களங்களில் உலவியிருந்தார். பொதுவில் கிடக்கும் பதிவை நீக்கலாம். நண்பர்களோடு விளையாடும் பிள்ளையின் உரையாடலுக்குள் எந்த ஆணை போகும்?

அண்மைக் காலம்

2022 டிசம்பரில் 15 வயது மாணவர் காவலில் வைக்கப்பட்டார். 2024இல் 14 வயதுச் சிறுவர் ஒருவருக்கும், 2025 பிப்ரவரியில் 15 வயது மாணவி ஒருவருக்கும் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கப்பட்டது. இந்த ஆணையின்கீழ் இருப்பவர் அனுமதியின்றி வீடு மாறவோ, வெளிநாடு செல்லவோ, சமூக ஊடகத்தைப் பயன்படுத்தவோ முடியாது. காவல் இல்லாமலே, குடும்பத்தோடு இருந்தபடி ஆலோசனை பெற இது இடம் தருகிறது. இவ்வயதினருக்குச் சிறையைவிட இதுவே பொருத்தம்.

2024 டிசம்பரில் காவலில் வைக்கப்பட்ட 18 வயது மாணவர், கிறைஸ்ட்சர்ச் கொலையாளியைப் போற்றி, தன்னைக் கிழக்காசிய இன மேன்மைவாதி என்று அழைத்துக்கொண்டவர். இத்தகையோர் மேற்கோள் காட்டும் வேதம் எதுவும் இல்லை. ஆகவே திருத்திச் சொல்லத்தக்க வசனமும் இல்லை. நூலாதாரத்தோடு வாதிடும் உஸ்தாதின் முறை, இனவெறியைப் படங்களாகவும் கேலிகளாகவும் விளையாட்டாகவும் உள்வாங்கிய இளையரிடம் பிடிகொள்ள இடமில்லாமல் போகிறது. உளவியலாளர்களும் வழிகாட்டிகளும் அந்த இடத்தை நிரப்பிவருகின்றனர். சமய மறுவாழ்வுக் குழு இருபது ஆண்டுகளில் சேர்த்த அனுபவத்தைப் போன்ற ஒன்று இத்துறையில் இன்னும் திரளவில்லை.