பட்டறையா, பள்ளிக்கூடமா?

சென்ற மாதம் நெல்லியடியிலிருந்து என் தங்கையின் மகன் தொலைபேசியில் அழைத்தான். க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறான். டீசல் என்ஜின் திருத்துவதையே தொழிலாகக் கொள்வதென்று தீர்மானித்துவிட்டான். அதில் அவனுக்கு ஐயமில்லை. எங்கே கற்பது என்பதில்தான் ஐயம்.

"மாமா, கிளிநொச்சி ஜேர்மன் ரெக்குக்குப் போகட்டோ, இல்லாட்டி எங்கட சந்திக் கராஜில நிற்கட்டோ?"

கராஜ்காரர் முதற் கிழமையிலிருந்தே கைச்செலவுக்குக் காசு தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். தகப்பன் இல்லாத வீடு. அந்தக் காசு அந்த வீட்டுக்குச் சிறிய காசல்ல. உடனே மறுமொழி சொல்ல எனக்கு இயலவில்லை. நானே பத்திரிகைத் தொழிலை எந்தக் கல்லூரியிலும் கற்றவனல்லன். அச்சுக்கூடத்தின் ஓரத்தில், ஈய எழுத்துக்களுக்கும் மை மணத்துக்கும் நடுவில், மூத்தவர்களிடம் ஏச்சு வாங்கிக் கற்றவன். ஆகவே என் மனம் எந்தப் பக்கம் சாயும் என்பதை வாசகர்கள் ஊகிக்கலாம். சாய்வை ஒதுக்கிவிட்டு, இந்தத் தொழில் நம் நாட்டில் எவ்வாறு கைமாறி வந்தது என்பதைப் பார்க்கவே இதை எழுதுகிறேன்.

இந்தக் கேள்வி அந்த என்ஜினை உருவாக்கியவரின் வாழ்விலேயே இருந்தது. ருடோல்ஃப் டீசல் மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் கார்ல் வொன் லிண்டேயிடம் பயின்றவர். 1879 இல் நெருப்புக் காய்ச்சலில் விழுந்து, எழுத வேண்டிய இறுதித் தேர்வைத் தவறவிட்டார். அடுத்த தேர்வு வரும்வரை சும்மா இருக்கவில்லை. சுவிற்சர்லாந்தின் வின்ரதூர் நகரிலிருந்த சுல்சர் இயந்திரத் தொழிற்சாலையில் கைவேலை பழகினார். 1880 ஜனவரியில் தேர்வெழுதி உயர்ந்த சிறப்புடன் தேறினார். 1897 இல் அவருடைய என்ஜின் அவுக்ஸ்பேர்க் நகரில் வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்டது. வெப்பவியலை வகுப்பறை கொடுத்தது. இரும்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பட்டறை கொடுத்தது. நோய் வந்திராவிட்டால் அந்த இரண்டாவது பாடம் அவருக்கு எப்போது கிடைத்திருக்குமோ தெரியாது.

இலங்கையில் 1893 இலேயே மருதானையில் அரச தொழில்நுட்பப் பள்ளி தொடங்கப்பட்டது. எனினும் லொறிகளையும் பஸ்களையும் ஓட வைத்தவர்களிற் பெரும்பாலோர் அதன் வாசலை மிதித்தவர்களல்லர். அவர்கள் 'பாஸ்'மாரிடம் கற்றவர்கள். தலைமைத் தொழிலாளியைக் குறிக்கும் இந்தச் சொல் ஒல்லாந்தர் விட்டுச்சென்றது. அவர்கள் போய் இருநூறு வருடங்களுக்கு மேலாகியும் மேசன் பாஸும் மெக்கானிக் பாஸும் நம்மோடு இருக்கிறார்கள். பாஸிடம் சேரும் பொடியன் முதல் வருடம் மண்ணெண்ணெயில் உதிரிப் பாகங்களைக் கழுவுவான், தேநீர் வாங்கி வருவான், கேட்ட இலக்க ஸ்பனரை எடுத்துக் கொடுப்பான். எப்போது நட்டைக் கழற்ற விடுவார்கள், எப்போது என்ஜினைப் பூட்ட விடுவார்கள் என்பதற்கு நியதி இல்லை. எல்லாம் பாஸின் மனநிலையைப் பொறுத்தது. நுட்பங்களைக் கடைசிவரை காட்டாமலே வைத்திருந்த பாஸ்மாரும் உண்டு. பொடியன் தொழில் பழகிவிட்டால் எதிர்ப்பக்கத்திலேயே கராஜ் போட்டுவிடுவான் அல்லவா?

1958 ஜனவரி முதலாந் திகதி தனியார் பஸ் கம்பனிகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. பல கம்பனிகளிடமிருந்து பல வகை வண்டிகள் வந்து சேர்ந்தன. லண்டனில் ஓடி ஓய்ந்த இரட்டைத்தட்டு பஸ்களும் வந்திறங்கின. இவ்வளவையும் பராமரிக்கப் பாஸ்மாரின் தனித்தனிக் கைப்பழக்கம் போதாது. ஒரே முறையில் பழகிய ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1959 இல் மேற்கு ஜேர்மனியின் உதவியுடன் இலங்கை - ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம், போக்குவரத்துச் சபையின் வெரஹெர பட்டறையை ஒட்டித் தொடங்கப்பட்டது. பின்னர் அது மொறட்டுவைப் பக்கம் இடம் மாறியது.

எனக்கு அண்ணன் முறையான ஒருவர் அறுபதுகளில் அங்கே பயின்றார். விடுமுறையில் ஊருக்கு வந்தபோது அவருடைய உள்ளங்கைகளைக் காட்டினார். எல்லாம் கொப்புளங்கள். "என்ஜினைக் காட்டுவார்கள் என்று போனேன், ஒரு இரும்புக் கட்டியையும் அரத்தையும் தந்து விட்டிருக்கிறார்கள்" என்று நொந்துகொண்டார். அந்தக் கட்டியை நான்கு பக்கமும் சதுரமாக, குறித்த அளவுக்கு அராவ வேண்டும். பயிற்றுநர் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் திரும்பவும் அராவல். எழுபதுகளின் பிற்பகுதியில் வளைகுடா நாடுகளின் கதவு திறந்தபோது அதே அண்ணன் சான்றிதழோடு முதல் வரிசையில் நின்றார். நம் பஸ்களுக்காக ஆயத்தமான கைகளை நாம் அப்படித்தான் இழந்தோம். அதற்காக அவரைக் குறைகூற நான் ஆயத்தமாக இல்லை. அந்தச் சம்பளத்தில்தான் மூன்று சகோதரிகள் கரையேறினார்கள்.

1971 இல் தேசியப் பயிலுநர் சட்டம் வந்தது. தொழிலிடத்திலேயே பழக்கி, அரசு மேற்பார்வை செய்து, முடிவில் சான்றிதழ் கொடுப்பது அதன் நோக்கம். நல்ல நோக்கம். ஆனால் சந்தியில் தகரக் கொட்டிலில் நடந்த கராஜுக்குள் அது அதிகம் எட்டிப் பார்க்கவில்லை.

அப்படி ஒரு கொட்டிலில் பன்னிரண்டு வயதில் சேர்ந்தவர் ஒருவரை நான் நன்கறிவேன். நீண்ட திருப்புளியின் ஒரு முனையை என்ஜினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து, எந்தத் தாங்கி தேய்ந்தது என்று சொல்லிவிடுவார். எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்றறிய, ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினில் இன்ஜெக்டர் குழாய்களின் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார். எதைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ, அதுவே பழுதானது. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை வந்தபோது அவரைப் போன்றவர்களால்தான் யாழ்ப்பாணத்தில் சக்கரம் சுழன்றது. ஒரு சொட்டுப் பெட்ரோலில் உயிர்கொடுத்து மண்ணெண்ணெயில் கார் ஓடிய கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள். டீசல் வண்டியில் சிக்கல் வேறு. அதன் பம்பின் உள்ளுறுப்புகளுக்கு மசகாக இருப்பதும் டீசலே. மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்பு இல்லை. தனியே ஊற்றினால் பம்ப் தேய்ந்துபோகும். அவர் மண்ணெண்ணெயோடு எண்ணெய் கலந்து, புகையின் நிறத்தைப் பார்த்தே அளவைத் திருத்தினார். இது எந்தப் பாடப் புத்தகத்திலும் இருக்கவில்லை.

அவர் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ரொறன்ரோ போய்ச் சேர்ந்தார். ஒன்ராறியோவில் பாரவண்டி, பஸ் திருத்துவது கட்டாயச் சான்றிதழ் வேண்டிய தொழில். அங்கே பயிலுநருக்கு வகுத்த 6720 மணித்தியாலங்களில் ஏறக்குறைய 6000 பட்டறையிலும் 720 வகுப்பறையிலும் கழிகின்றன. நம்மவரிடம் முப்பது வருடப் பட்டறை இருந்தது, அந்த 720 மணித்தியாலம் இருக்கவில்லை. ஆங்கிலத்தில் எழுத்துத் தேர்வும் இருந்தது. நான் 2004 இல் அங்கு சென்றபோது ஒரு கராஜில் தரை கூட்டிக்கொண்டிருந்தார். தம் வயதில் பாதியான பொடியன் என்ஜினோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து, என் பக்கம் திரும்பி, "மூண்டாவது இன்ஜெக்டர்" என்று மெல்லச் சொன்னார். அந்தப் பொடியனிடம் அவர் சொல்லவில்லை.

இன்னொன்றையும் மருமகனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. 1997 அளவில் 'கொமன் ரெயில்' முறை கார்களில் வந்தது. பழைய இன்ஜெக்டர்கள் இருநூறு பார் அளவிலான அழுத்தத்தில் திறந்தன. இந்த முறை ஆயிரத்து முந்நூறைத் தாண்டித் தொடங்கி, இன்று இரண்டாயிரத்துக்கு மேல் போய்விட்டது. ஓடும் என்ஜினில் அந்தக் குழாயின் நட்டைத் தளர்த்தினால், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். கையையே இழக்க நேரலாம். பாஸிடம் கற்ற அதே உத்தி, அதே கையசைவு, இன்று ஆபத்து. இதைக் காதால் கற்க முடியாது. யாராவது முன்கூட்டிச் சொல்லித்தர வேண்டும்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவனம் 2016 இல் திறக்கப்பட்டது. தென்னிலங்கைக்குப் போகாமலே நம் பிள்ளைகள் வாகனத் தொழில்நுட்பம் பயிலலாம். கராஜில் பழகியவர்களும் முன்னனுபவ மதிப்பீட்டுக்குத் தோற்றித் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெற இப்போது வழியுண்டு. அந்த ரொறன்ரோ நண்பர் ஊரைவிட்டுப் போகும்போது அது இருக்கவில்லை.

இவற்றையெல்லாம் மருமகனுக்குச் சொல்லி, கிளிநொச்சிக்கு விண்ணப்பிக்கும்படி கூறினேன். வீட்டுச் செலவுக்கு மாதாமாதம் என்னாலியன்றதை அனுப்புவதாகத் தங்கையிடமும் சொன்னேன். அவள் சம்மதிக்க இரண்டு நாள் எடுத்தது. கராஜ்காரர் கோபிப்பார் என்று பயந்திருந்தேன். பிறகு விசாரித்ததில், அவர் அந்த ரொறன்ரோ நண்பரிடமே தொழில் பழகியவராம்.

"லீவில வாற நாளில வந்து நில்லு, காசும் தாறன்" என்றாராம். "அந்தக் கொம்பியூட்டரைப் பூட்டிப் பார்க்கிற வித்தையை எனக்கும் காட்டித்தா."

விண்ணப்பத்தை இந்தக் கிழமை தபாலில் சேர்த்துவிட்டதாகத் தங்கை நேற்றுச் சொன்னாள்.