மர இழுப்பறை இறுகுதலும் சீராக்கலும்

மேசை, அலமாரி, கல்லா ஆகியவற்றின் மர இழுப்பறைகள் திறக்க வராமல் பிடித்துக்கொள்வதற்கு முதற்காரணம் ஈரம். காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி மரம் பருக்கும். காற்று உலர்ந்தால் ஈரத்தை விட்டுச் சுருங்கும். காஞ்சிபுரத்தில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழையில் அசைய மறுக்கும் இழுப்பறை, சித்திரை வெயிலில் தொட்டதும் ஓடிவருவது இதனால்தான்.

அந்நகரின் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்தில் மழையோடு தறியும் சேர்ந்துகொள்கிறது. வீடே தறிக்கூடமாகவும் இருக்கும் இடங்களில், குழித்தறியின் பள்ளத்து மண்ணீரம் பட்டுப் பாவின் இழை அறாமல் காக்கிறது. அதே ஈரம் பக்கத்தில் நிற்கும் மேசையிலும் ஏறும். நூலுக்கு வேண்டியதை நிறுத்த முடியாது என்பதால் மேசையைத்தான் நகர்த்த வேண்டும். குழியிலிருந்து தள்ளி, கால்களுக்கு அடியில் கட்டை கொடுத்து, சுவரிலிருந்து நான்கு விரல் இடம் விட்டு வைத்தாலே தொல்லை பாதி குறையும்.

மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பருப்பதில்லை. நார் ஓடும் நீளவாக்கில் மாற்றம் அநேகமாக இல்லை, குறுக்குவாக்கில்தான் பருக்கும். காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டிலிருந்து 90 விழுக்காட்டுக்கு உயர்ந்தால், தேக்குப் பலகை குறுக்கே சுமார் 1 விழுக்காடு அகலும். 15 செ.மீ. உயரமுள்ள இழுப்பறைப் பக்கப்பலகைக்கு அது ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். தேக்கு அடக்கமான மரம். பெரும்பாலான நாட்டு மரங்கள் இதைவிடக் கூடுதலாக அசையும். இழுப்பறையின் பலகைகளில் நார் கிடையாக ஓடுவதால் அது மேல்நோக்கி வளர்கிறது. அதைத் தாங்கும் மேசையின் பக்கங்களிலோ நார் செங்குத்தாக இருப்பதால் இழுப்பறை நுழையும் வாயின் உயரம் மாறுவதில்லை. ஆகவே ஈரத்தால் வந்த இறுக்கம் மேலும் கீழுமாகத் தெரியும். இடவலமாக இறுகினால் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

மரத்துக்குக் கேடு செய்வது ஈரத்தைவிட, ஈரம் ஏறி இறங்குவதே. அதே ஊரின் வரதராஜப் பெருமாள் கோயில் குளத்தில் அத்தி மரத்தாலான அத்திவரதர் சிலை ஒவ்வொரு முறையும் 40 ஆண்டுகள் நீருக்கடியில் இருக்கிறது. கடைசியாக 1979, 2019 ஆகிய ஆண்டுகளில் வெளியே எடுக்கப்பட்டது. நீரில் முழுக மூழ்கிய மரம் ஒரே நிலையில் இருக்கும். காற்றுப் படாததால் பூஞ்சை எளிதில் அரிக்காது. ஆண்டுதோறும் நனைந்து காயும் மேசைக்கு அந்த நிம்மதி கிடையாது.

இறுகிய இழுப்பறையை ஒரு கைப்பிடியை மட்டும் பற்றி இழுத்தால் அது கோணலாகத் திரும்பி மேலும் பூட்டிக்கொள்ளும். மேலே உள்ள இழுப்பறையைக் கழற்றிவிட்டு உள்ளே கைவிட்டுப் பின்னாலிருந்து தள்ளுவதும், வழியில்லையேல் மேசையின் முதுகுப்பலகையை எடுப்பதும் பாதுகாப்பானவை. வெளியே வந்ததை நிழலில், மின்விசிறிக் காற்றில் சில நாள் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் ஒரு முகம் மட்டும் காய்ந்து பலகை வளையும்.

எங்கே உரசுகிறது என்பதை அறிய, பக்கங்களிலும் மேல்விளிம்பிலும் சாக்பீஸைத் தேய்த்து, இரண்டு மூன்று முறை திறந்து மூடினால் போதும். சாக்பீஸ் அழிந்து மரம் பளபளக்கும் இடமே உரசும் இடம். அங்கே உப்புத்தாளால் தேய்த்து, ஓடும் பரப்பு முழுவதும் மெழுகுவர்த்தியை அழுத்திப் பூச வேண்டும். பெரும்பாலான இழுப்பறைகளுக்கு இதற்கு மேல் வேலை இல்லை. தேங்காய் எண்ணெய் விடும் வழக்கம் நல்லதன்று: முதலில் வழுக்கும், பிறகு தூசியோடு சேர்ந்து களிம்பாகும், உள்ளே பட்டுச்சேலை இருந்தால் கறையும் படியும். சோப்பு ஈரத்தை இழுப்பதால் மழைக்காலத்தில் பிசுபிசுக்கும்.

இழைப்புளியைக் கடைசியாகவே எடுக்க வேண்டும். அவசரக்காரர் கார்த்திகையில் சீவித் தள்ளிய இழுப்பறை, வைகாசியில் வாயில் ஆடிக்கொண்டிருக்கும். சீவிய மரம் திரும்பாது. உலர்த்தியும் மெழுகிட்டும் பிடித்தால் மட்டும், மேல்விளிம்பில் நாரின் போக்கிலேயே மெல்லிய சீவல்களாக எடுத்து, ஒவ்வொரு முறையும் போட்டுப் பார்ப்பது முறை. கீழ்விளிம்பில் கைவைத்தால் முகப்பு தாழ்ந்துவிடும்.

இடவல இறுக்கத்துக்குப் பெரும்பாலும் மேசையே காரணம். தரை சமமில்லாமல் ஒரு கால் தொங்கினால் சட்டம் கோணி, சதுர வாய் சாய்சதுரமாகும். அந்தக் காலுக்கு ஆப்பு வைத்தால் சரியாகிவிடும். இழுப்பறையின் மூலை மூட்டு விட்டிருந்தால் பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசையிட்டு, இரு மூலைவிட்டங்களையும் அளந்து சமமாக்கிக் கட்டி வைக்க வேண்டும். பொங்கலுக்குப் பொங்கல் அடித்த எனாமல் பெயிண்ட், பக்கங்களில் அடுக்கடுக்காய்த் தடித்துப் பிடிப்பதும் உண்டு. அதைச் சுரண்டி எடுப்பதே மருந்து. அடிப்பலகை தொய்ந்து கீழ்ச்சட்டத்தில் உரசினால் அதைத் திருப்பிப் போடலாம். நெடுநாள் உழைப்பில் தேய்ந்த ஓடுவிளிம்புக்கு உறுதியான மரத்தில் மெல்லிய பட்டை ஒட்ட வேண்டும். விளிம்பில் மாவு போன்ற தூளும் சிறு துளைகளும் தெரிந்தால் வண்டு அரிக்கிறது. மருந்திடாமல் மெழுகிடுவது வீண்.

உலர்ந்த பிறகு உள்ளும் புறமும் ஷெல்லாக்கோ வார்னிஷோ பூசினால் ஈரம் மெதுவாகவே ஏறும். முகப்பில் மட்டும் பாலிஷ் போட்டு உட்புறத்தைப் பச்சையாக விடுவது தச்சர்களின் பொதுவான சிக்கனம். ஈரம் நுழைவது அந்தப் பக்கமாகத்தான். புதிதாகச் செய்யும்போது பருவமும் பார்க்க வேண்டும்: கோடையில் செய்யும் இழுப்பறைக்கு மேலே 3 மி.மீ. வரை இடைவெளி தேவை. மழைக்காலத்தில் செய்தால் 1 மி.மீ. போதும். மரத்தின்மேல் ஓடவிடாமல் எஃகுச் சறுக்குகள் வைப்பதானால், அவை பக்கத்துக்கு அரை அங்குலம் கேட்கும். பழைய தேக்கு மேசையில் அவற்றைப் பொருத்த, இழுப்பறையைப் பிரித்து ஓர் அங்குலம் குறுக்கிக் கட்ட வேண்டியிருக்கும்.