கண்புரை

கண்பாவைக்குப் பின்னால் உள்ள இயற்கை லென்ஸ் தெளிவிழந்து மங்குவதே கண்புரை. உலகில் பார்வையின்மைக்கு முதன்மைக் காரணம் இதுதான். லென்சுக்குள் ரத்தக் குழாய்கள் இல்லை. அதன் புரதங்கள் புதுப்பிக்கப்படுவதும் இல்லை. வயது ஏற ஏற அவை சிதைந்து ஒன்றோடொன்று திரண்டு, உள்ளே வரும் ஒளியைச் சிதறடிக்கின்றன. நீரிழிவு, கண்ணில் பட்ட அடி, நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து, புகைப்பழக்கம் ஆகியவை இதை முன்கூட்டியே கொண்டுவரக்கூடும்.

வலியோ சிவப்போ இருக்காது. எதிரே வரும் வண்டியின் விளக்கு இரவில் சிதறிக் கண் கூசும். வெள்ளை பழுப்பேறித் தெரியும். கண்ணாடியின் பவர் அடிக்கடி மாறும். லென்சின் நடுப்பகுதி கெட்டிப்படும் வகையில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதன் ஒளிவிலக்கும் திறன் கூடிக் கிட்டப்பார்வை உண்டாவதால், அதுவரை கண்ணாடி இல்லாமல் செய்தித்தாள் படிக்க முடியாத முதியவர் வெறுங்கண்ணால் படிக்கத் தொடங்குவார். பார்வை திரும்பிவிட்டது என்று வீட்டில் மகிழ்வார்கள். வருகிற பேருந்தின் எண்ணைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்கும்போதுதான் விஷயம் தெரியவரும்.

“புரை முத்தட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்” என்ற பேச்சு இன்றும் பல வீடுகளில் உண்டு. ஒரு காலத்தில் அது மருத்துவர்களே சொன்ன அறிவுரை. அன்று லென்சை எடுத்தால் அந்த இடம் வெறுமையாகவே இருக்கும். ஈடுகட்ட ஏறத்தாழ +10 பவரில் ‘சோடாபுட்டி’ கண்ணாடி போட வேண்டும். பொருள்கள் பெரிதாகவும் ஓரங்கள் வளைந்தும் தெரியும். ஓரளவு பார்வை உள்ளவருக்கு அதனால் லாபமில்லை என்பதால் காத்திருக்கச் சொன்னார்கள்.

அந்த நிலையை மாற்றியது செயற்கை லென்ஸ். இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணில் தெறித்த விமான முகப்புப் பிளாஸ்டிக் துண்டுகள் அழற்சி உண்டாக்காமல் கிடந்ததை ஆங்கிலேய மருத்துவர் ஹரால்ட் ரிட்லி கவனித்தார். அதே வகைப் பொருளில் லென்ஸ் செய்து, 1949 நவம்பரில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதன்முறையாகப் பொருத்தினார். சக மருத்துவர்கள் பலர் நெடுங்காலம் அவரை எதிர்த்தனர். 1967-இல் அமெரிக்காவின் சார்லஸ் கெல்மன், பல் மருத்துவரின் மீயொலிக் கருவியைக் கண்டு, புரையை உள்ளேயே பொடித்து உறிஞ்சும் ‘ஃபேக்கோ’ முறையை உருவாக்கினார்.

ஏழைகளுக்கு இந்த லென்ஸ் எட்டியதில் மதுரைக்குப் பங்கு உண்டு. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணியிருந்த நிலையிலும் அவர் அறுவை சிகிச்சை செய்தார். மருத்துவமனையின் அங்கமாக 1992-இல் எழுந்த லென்ஸ் தயாரிப்பு நிலையமான ஆரோலேப், நூறு டாலர் அளவில் இருந்த லென்சைப் பத்து டாலர் அளவுக்கு இறக்கியது.

இப்போது முற்றக் காத்திருப்பதுதான் ஆபத்து. மிக முற்றிய லென்ஸ் கடினமாகி அறுவையைச் சிக்கலாக்கும். சிலருக்கு அது வீங்கியோ கசிந்தோ கண்ணழுத்தத்தை ஏற்றிவிடும்; கடும் வலி, வாந்தியுடன் வரும் இந்நிலையில் பார்வை நரம்பு கெட்டால் மீட்க முடியாது. படிப்பது, சமைப்பது, வண்டி ஓட்டுவது தடைபடத் தொடங்கினாலே அறுவை பற்றி மருத்துவரிடம் பேசலாம். புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து எதுவும் நிரூபிக்கப்படவில்லை.

அறுவைக்கு முன் பாவையை விரித்து விழித்திரையைப் பார்ப்பார்கள். நீரிழிவால் விழித்திரையோ கண்ணழுத்த நோயால் நரம்போ முன்பே கெட்டிருந்தால், புரையை எடுத்தாலும் அந்த அளவுக்குப் பார்வை குறையும். பிறகு கருவிழியின் வளைவையும் கண்ணின் நீளத்தையும் அளந்து லென்சின் பவரைக் கணக்கிடுவார்கள். நீளத்தில் 1 மி.மீ. பிசகினால் கண்ணாடிப் பவர் சுமார் இரண்டரை முதல் மூன்று வரை தவறிவிடும். அறுவைக்கு இணையான கவனம் வேண்டிய வேலை இது.

ஃபேக்கோவில் 3 மி.மீ.க்கும் குறைவான துளை வழியே புரை எடுக்கப்பட்டு, மடித்த லென்ஸ் உள்ளே விரிகிறது. கைமுறைச் சிறுதுளை அறுவையில் 6 மி.மீ. அளவில் சரிவான வழி அமைப்பார்கள். அதுவும் பொதுவாகத் தையலின்றி மூடிக்கொள்ளும். செலவு குறைவு, முற்றிய புரைக்குப் பொருத்தம். இதைத் தாழ்வாக எண்ணத் தேவையில்லை. பல தூரங்களுக்கும் உதவும் விலையுயர்ந்த பன்முகக் குவிய லென்சில் இரவு விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரியக்கூடும் என்பதை இரவில் வண்டி ஓட்டுபவர்கள் முன்பே கேட்டறிய வேண்டும்.

பின்னர் சில வாரங்கள் சொட்டு மருந்து. கண்ணைக் கசக்கக் கூடாது. மருத்துவர் சொல்லும்வரை தலைக்குக் குளிப்பதையும் தள்ளிப்போட வேண்டும். வலி, சிவப்பு கூடிப் பார்வை மங்கினால் கிருமித்தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மெதுவாக மங்கினால் புரை திரும்ப வந்ததாகச் சொல்வார்கள். எடுத்த புரை திரும்ப வராது. செயற்கை லென்சைத் தாங்கும் பின்சவ்வு தடித்திருக்கும்; யாக் லேசரால் அதைச் சில நிமிடங்களில் திறந்துவிடலாம்.

குழந்தைகளின் புரை முற்றிலும் வேறு கணக்கு. கர்ப்பகால ருபெல்லா, மரபணுக் கோளாறு போன்றவற்றால் பிறவியிலேயே வரலாம். பிறந்த குழந்தையின் பாவை வெள்ளையாகத் தெரிந்தால் நாள் கடத்தக் கூடாது. தெளிவான பிம்பம் கிடைக்காத கண்ணைக் கொண்டு பார்க்க மூளை பழகாது என்பதால், அடர்ந்த பிறவிப் புரையை முதல் சில வாரங்களிலேயே எடுத்துவிடுவார்கள். அதன் பிறகும் கண்ணாடியும், தேவைப்பட்டால் நல்ல கண்ணை மறைத்துப் பயிற்சியும் ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும்.