சிசிஎன்ஏ சான்றிதழ்ப் பயிற்சி: வகுப்பைத் தேர்ந்தெடுத்தல்

கணினி நெட்வொர்க்கிங் துறைக்குள் நுழைவோர் பலரும் முதலில் குறிவைக்கும் தொழில்முறைச் சான்றிதழ் சிசிஎன்ஏ. அமெரிக்காவின் சிஸ்கோ சிஸ்டம்ஸ் நிறுவனம் இதை 1998இல் அறிமுகப்படுத்தியது. ரௌட்டர், ஸ்விட்ச் போன்ற கருவிகளை அமைக்கவும், அலுவலக நெட்வொர்க்கில் கோளாறு வந்தால் காரணத்தைத் தேடிப் பிடிக்கவும் தேவையான அடிப்படையை இந்தத் தேர்வு சோதிக்கிறது. எழுதுவதற்குப் பட்டமோ முன்சான்றிதழோ வேண்டியதில்லை. ஏதாவது ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. இந்தக் கடைசிச் செய்தியைப் பயிற்சி மையங்களின் நோட்டீஸ்களில் தேடிப் பயனில்லை.

பாடத்திட்டத்தை வகுப்பது சிஸ்கோ. தேர்வை நடத்துவது பியர்சன் வியூ. வகுப்பு எடுப்பது பெரும்பாலும் இவை இரண்டோடும் தொடர்பில்லாத ஒரு மையம். எனவே வகுப்பு முடிந்ததும் மையம் தரும் 'கோர்ஸ் கம்ப்ளீஷன்' தாள் சிசிஎன்ஏ ஆகாது. உண்மையான சான்றிதழ் சிஸ்கோவின் பெயரில் மட்டுமே வரும். அதற்கான டிஜிட்டல் பேட்ஜை கிரெட்லி தளத்தில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். மாதக்கணக்கில் படித்து, தாளை வாங்கிக்கொண்டு, தேர்வே எழுதாமல் பயோடேட்டாவில் சிசிஎன்ஏ என்று போட்டுக்கொள்வோர் நேர்காணலில் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பின்னணி

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய லியனார்ட் போசக், சாண்டி லெர்னர் இருவரும் 1984இல் சிஸ்கோவைத் தொடங்கினார்கள். நிறுவனத்தின் முதல் சான்றிதழ், அதன் உச்சநிலைச் சான்றிதழான சிசிஐஇ, 1993இல் வந்தது. செய்முறைத் தேர்வில் தேறாமல் அதைப் பெற முடியாது. அதன் பிறகே ஏணியின் கீழ்ப்படியாக சிசிஎன்ஏ வந்தது.

இதே காலத்தில் மைக்ரோசாஃப்ட்டின் எம்சிஎஸ்இ சான்றிதழுக்கு நேர்ந்தது, பயிற்சி தேடும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு. 1990களின் பிற்பாதியில் வினா-விடைகளை உருப்போட்டுத் தேறியவர்கள் வேலைச் சந்தையில் பெருகினார்கள். சர்வரைத் தொட்டே பார்த்திராத அவர்களுக்கு 'பேப்பர் எம்சிஎஸ்இ' என்ற கேலிப்பெயர் விழுந்தது. அதன் நிழல் முறையாகப் படித்தவர்கள் மீதும் படிந்தது. ரெட் ஹேட் நிறுவனம் தன் லினக்ஸ் சான்றிதழ்களை முழுக்கச் செய்முறைத் தேர்வாகவே நடத்துவதால் அங்கே இந்தச் சிக்கலுக்கு இடம் குறைவு. சிசிஎன்ஏ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: பெரும்பகுதி தேர்ந்தெடுத்து விடையளிக்கும் வினாக்கள், கூடவே கட்டளை அடித்துக் காட்ட வேண்டிய சில லேப் வினாக்கள்.

தேர்வும் பாடத்திட்டமும்

இப்போதைய தேர்வின் எண் 200-301. 2020 பிப்ரவரி 24 முதல் நடப்பில் உள்ளது. அதற்கு முன் ரௌட்டிங், செக்யூரிட்டி, வயர்லெஸ் என்று தனித்தனியாகக் கிளைத்திருந்த சிசிஎன்ஏக்கள் அன்றோடு ஒன்றாக்கப்பட்டன. நேரம் 120 நிமிடம். கால்குலேட்டர் கிடையாது. ஒரு வினாவைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போக முடியாது. பாடப்பகுதிகளில் ஐபி இணைப்புக்கு 25 விழுக்காடு, நெட்வொர்க் அடிப்படைக்கும் நெட்வொர்க் அணுகலுக்கும் தலா 20, பாதுகாப்புக்கு 15, ஐபி சேவைகளுக்கும் தானியக்கத்துக்கும் தலா 10.

ஒரு மையத்தின் தரத்தை அறிய முதலில் கேட்க வேண்டியது இந்தப் பாடத்திட்டத்தின் எந்தப் பதிப்பை நடத்துகிறார்கள் என்பதைத்தான். சிஸ்கோ இதைத் தன் தளத்தில் இலவசமாக வெளியிட்டிருக்கிறது. ஒரு பிரதி எடுத்துக்கொண்டு மையத்தின் பாட அட்டவணையோடு வரிவரியாக ஒப்பிட்டால் போதும். சில அடையாளங்கள் உடனே கண்ணில் படும். ஃப்ரேம் ரிலே என்ற பழைய இணைப்பு முறைக்கும் இஐஜிஆர்பி என்ற ரௌட்டிங் நெறிமுறைக்கும் ஒரு வாரம் ஒதுக்கியிருந்தால், அது பழைய தேர்வுக்குத் தயாரித்த அட்டவணை. இன்றைய தேர்வில் அமைத்துக் காட்டச் சொல்லும் ரௌட்டிங், ஸ்டாட்டிக் ரௌட்டும் ஓஎஸ்பிஎஃப் என்ற ரௌட்டிங் நெறிமுறையின் ஒற்றை ஏரியா அமைப்பும் மட்டுமே. தானியக்கப் பகுதியில் பப்பெட், ஷெஃப் என்ற கருவிகளின் பெயர்கள் இருந்தால் 1.0 பதிப்போடு நின்றுவிட்டார்கள் என்று பொருள். 2024 ஆகஸ்ட் 20இல் நடப்புக்கு வந்த 1.1 பதிப்பில் அவை போய் டெராஃபார்ம் வந்தது, ஆன்சிபிள் நீடித்தது. செயற்கை நுண்ணறிவு பற்றிய அறிமுகமும் சேர்ந்தது. பழைய பாடம் வீண் என்று சொல்ல முடியாது. இஐஜிஆர்பி இன்றும் பல நிறுவனங்களில் ஓடுகிறது. ஆனால் அட்டவணையை இத்தனை ஆண்டுகளாகப் புரட்டிப் பார்க்காத மையம் வேறு எதைப் புதுப்பித்திருக்கும் என்ற கேள்வி எழுகிறது.

லேப்

வகுப்புக்கு வகுப்பு உண்மையான வேறுபாடு இங்கேதான். எத்தனை மணி நேரம் பாடம் என்று விளம்பரங்கள் பெரிதாகப் போடும். அதில் மாணவரின் கை விசைப்பலகையில் இருக்கும் நேரம் எவ்வளவு என்று கேட்டால்தான் சொல்வார்கள்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ரௌட்டர்கள் அடுக்கிய ரேக் சில மையங்களின் வரவேற்பறையிலேயே இருக்கும். பார்க்க எடுப்பாக இருக்கும். வாரத்துக்கு ஒரு முறை, பத்துப் பேர் சுற்றி நின்று பார்க்கும் ரேக்கைவிட, சொந்த மடிக்கணினியில் தினமும் திறக்கும் பாக்கெட் டிரேசர் அதிகம் கற்றுத் தரும். சிஸ்கோவே இலவசமாகத் தரும் சிமுலேட்டர் அது. எல்லாக் கட்டளைகளும் அதில் ஓடாது என்றாலும் சிசிஎன்ஏ அளவுக்குத் தாராளமாகப் போதும். உண்மைக் கருவியை ஒரு தடவையாவது தொட்டிருப்பது நல்லது: வெளிர்நீலக் கன்சோல் கேபிளைச் செருகி, வேகத்தை 9600 என்று வைத்து, கறுப்புத் திரையில் ரௌட்டர் விழித்தெழுவதைப் பார்த்தவருக்கு வேலையில் சேரும் முதல் நாள் கை நடுங்காது.

டெமோ கிளாஸில் ஒன்றைச் செய்துகாட்டச் சொல்லிக் கேட்கலாம். இரண்டு ரௌட்டர்களுக்கு இடையே ஓஎஸ்பிஎஃப் ஓடிக்கொண்டிருக்கட்டும். ஈதர்நெட் இணைப்பில் அவை 10 நொடிக்கு ஒரு முறை 'ஹலோ' செய்தி அனுப்பிக்கொள்ளும். 40 நொடி பதில் இல்லாவிட்டால் எதிராளி போய்விட்டதாக முடிவு செய்யும். ஒரு பக்கம் மட்டும் ஹலோ இடைவெளியை 5 நொடியாக மாற்றினால் சற்று நேரத்தில் உறவு முறிந்துவிடும். வேடிக்கை என்னவென்றால் பிங் அப்போதும் போகும். கேபிளில் குறையில்லை, ஐபி முகவரியில் குறையில்லை, ஆனால் நெய்பர் பட்டியல் காலி. நல்ல டிரெய்னர் இதை வேண்டுமென்றே கெடுத்துவிட்டு, "என்ன ஆச்சு, நீங்களே கண்டுபிடிங்க" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். மாணவர் ஏரியா எண்ணைப் பார்ப்பார், மாஸ்க்கைப் பார்ப்பார், கடைசியில் 'ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் இன்டர்ஃபேஸ்' அடித்து இரு பக்க டைமர்களையும் ஒப்பிடுவார். மற்ற டிரெய்னர் பவர்பாயின்ட்டில் அடுத்த ஸ்லைடுக்குப் போவார். சிஸ்கோ தரும் சிசிஎஸ்ஐ என்ற பயிற்றுநர் தகுதி இருந்தால் நல்லதுதான்; ஆனாலும் நெட்வொர்க்கைக் கெடுத்துச் சரிசெய்யவைக்கும் டிரெய்னரை அந்த எழுத்துகளைவிட மேலாக மதிக்கலாம்.

ஒரு நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் சப்நெட்டிங்கும் கைப்பழக்கம்தான். 192.168.10.100/26 எந்தச் சப்நெட்டில் இருக்கிறது என்று கேட்டால், 64இல் தொடங்கி 127இல் முடிவது என்று அரை நிமிடத்துக்குள் வர வேண்டும். ஒரே வகுப்பில் விளக்கிவிட்டு நகரும் பேட்ச்சில் இது வராது. தினமும் பத்துக் கணக்கு கொடுக்கும் பேட்ச்சில் வந்துவிடும்.

பயிற்சியின் வகைகள்

சிஸ்கோ 1997இல் தொடங்கிய நெட்வொர்க்கிங் அகாடமி, கல்லூரிகள் வழியாக மூன்று பாடங்களாக சிசிஎன்ஏயைக் கற்பிக்கிறது. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் இது உண்டு. அங்கே படிப்பவர் வெளியே பணம் கட்டுவதற்கு முன் தன் துறைத்தலைவரிடம் விசாரிப்பது நல்லது. பாடமும் லேபும் தரமானவை, தகுதி பெறும் மாணவருக்குத் தேர்வுக் கட்டணச் சலுகையும் கிடைக்கும். குறை, வேகம்: கல்லூரி செமஸ்டரோடு சேர்ந்தே அது நகரும்.

சிஸ்கோவின் அங்கீகாரம் பெற்ற பங்காளர்கள் நடத்துவது 5 நாள் வகுப்பும் 3 நாள் சுயபடிப்பும் கொண்டது. நிறுவனம் பணம் கட்டி அனுப்பும் ஊழியருக்கு அது பொருந்தும். புதியவர் ஐந்து நாளில் அத்தனையையும் விழுங்க முடியாது, கட்டணமும் கையைக் கடிக்கும்.

நகரத்து மையங்களின் மாலை பேட்ச், வீக்எண்ட் பேட்ச் ஆகியவையே பலர் போவது. அவற்றின் தரம் மையத்தைவிட டிரெய்னரையே சார்ந்தது. டெமோ எடுத்தவரே கடைசிவரை எடுப்பாரா என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

தானே படிக்கக்கூடியவருக்கு வென்டெல் ஓடம் எழுதி சிஸ்கோ பிரஸ் வெளியிட்ட இரண்டு தொகுதி வழிகாட்டி இருக்கிறது. யூடியூபில் ஜெரமிஸ் ஐடி லேப் முழுப் பாடத்தையும் லேப் கோப்புகளோடு இலவசமாகத் தருகிறது. ஒழுங்காக உட்கார்ந்து படிக்கும் பழக்கம் உள்ளவர் வகுப்புக்கே போகாமல் தேறலாம். பலருக்கு வகுப்பு தருவது அறிவைவிட அட்டவணைதான். அதற்குப் பணம் கொடுப்பதிலும் தவறில்லை, அதற்குத்தான் கொடுக்கிறோம் என்று தெரிந்திருந்தால்.

மொழி

தமிழ்நாட்டு மையங்களில் பாடம் தமிழில் ஓடும், கலைச்சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில். புரிவதற்கு இதைவிட நல்ல முறை இல்லை. ஆனால் தேர்வு ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும்தான் நடக்கிறது. ஒரு சூழலை நாலைந்து வரிகளில் விவரித்து, 'இவற்றில் எந்த இரண்டு' என்று கேட்கும் வினாக்களில் தடுமாறுவோருக்கு நெட்வொர்க்கிங் தெரியாமல் இல்லை, வினாவை வேகமாகப் படித்துப் பழகவில்லை. ஆங்கில மாதிரித் தேர்வுகளை வகுப்பிலேயே நேரம் வைத்து நடத்துகிறார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

கட்டணம், வாக்குறுதி, டம்ப்ஸ்

தேர்வுக் கட்டணம் 300 அமெரிக்க டாலர். இந்தியாவில் இதன் மேல் ஜிஎஸ்டி சேரும். மையம் சொல்லும் தொகையில் இது அடக்கமா இல்லையா என்பதில்தான் சண்டைகள் வருகின்றன. தேர்வரே பியர்சன் வியூ தளத்தில் கணக்குத் தொடங்கி, நேரடியாகப் பணம் கட்டி நாள் குறிக்கலாம். தேர்வு மையத்தில் போய் எழுதலாம், கேமரா கண்காணிப்பில் வீட்டிலிருந்தும் எழுதலாம். தவறினால் 5 நாள் கழித்தே மறுபடி எழுத முடியும், அதற்கும் முழுக் கட்டணம். ஆகவே 'எக்ஸாம் ஃபீஸ் சேர்த்து' என்று யாராவது சொன்னால் தேர்வுக்கான வவுச்சர் எப்போது கைக்கு வரும், எப்போது காலாவதியாகும் என்று கேட்பது அவசியம்.

'100 விழுக்காடு பிளேஸ்மென்ட்' என்ற வாக்குறுதியை அளந்து பார்க்க வழியுண்டு: எந்தப் பணி, எந்த நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில், எத்தனை நாளுக்குள் என்று எழுதித் தரச் சொன்னால் பேச்சின் சுருதி குறையும். நேர்காணலுக்கு அனுப்புவதையே பிளேஸ்மென்ட் என்று கணக்கு வைத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு.

'பாஸ் கேரண்டி' என்பது இன்னும் மோசம். பெரும்பாலும் அதன் பொருள் டம்ப்ஸ், அதாவது தேர்வு எழுதியவர்கள் நினைவில் வைத்து வெளியே கொண்டுவந்த வினாக்களின் தொகுப்பு. தேர்வு தொடங்குமுன் ரகசியக் காப்பு ஒப்பந்தத்துக்கு ஒவ்வொருவரும் இசைவு தர வேண்டியிருக்கிறது. முறைகேடு தெரிந்தால் சிஸ்கோ மதிப்பெண்ணை ரத்து செய்யும், மறுபடி எழுதவும் தடை போடும். தண்டனை மாணவருக்குத்தான், கோப்பைக் கொடுத்த மையம் அடுத்த பேட்ச்சைச் சேர்த்துக்கொண்டிருக்கும்.

புதுப்பித்தல்

சான்றிதழ் 3 ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்குள் சிசிஎன்ஏயையோ மேல்நிலைத் தேர்வுகளில் ஒன்றையோ எழுதித் தேறலாம். அல்லது சிஸ்கோ ஏற்கும் தொடர்கல்வி மூலம் 30 புள்ளிகள் சேர்க்கலாம். இரண்டையும் செய்யாவிட்டால் சான்றிதழ் காலாவதியாகும். அதன்பின் அப்போது நடப்பில் உள்ள பாடத்திட்டத்தில் மறுபடி முழுத் தேர்வையும் எழுத வேண்டும்.