ரேடியோ பெட்டி முதல் ஸ்மார்ட் போர்டு வரை: வாத்தியார்கள் கருவி பழகிய கதை

இது நீளமான பதிவு. காபி குடித்துக்கொண்டே பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் தெருவில் ஓர் ஆசிரியை இருக்கிறாள். பக்கத்து ஊர் ஒன்றியப் பள்ளியில் வேலை. வயது நாற்பதை ஒட்டியிருக்கும். போன வாரம் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் சொன்னாள்: "எங்க ஸ்கூலுக்கு ஸ்மார்ட் போர்டு வந்து மூணு மாசமாச்சு டீச்சர். தொடவே பயமா இருக்கு. பசங்க முன்னாடி எதையாவது தப்பா அழுத்திட்டா மானம் போயிடும். உங்க காலத்துல இதெல்லாம் இல்ல, நிம்மதியா இருந்தீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் காலத்திலும் ஏதாவது ஒரு கருவி வந்துகொண்டேதான் இருந்தது. எங்களுக்கு முந்தைய காலத்திலும் வந்தது. அந்தக் கதையை அவளுக்குச் சொன்னேன். இப்போது உங்களுக்கும் சொல்கிறேன்.

சென்னை மாநகராட்சி 1930-ஆம் ஆண்டிலேயே சொந்தமாக வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியது. மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று அதில் கதையும் பாட்டும் ஒலித்தன. 1938-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்ததும் அந்த ஒலிபரப்பு முடிந்தது. தொண்ணூறு ஆண்டுக்கு முன்பே நம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மின்சாரக் கருவி வழியாகப் பாடம் கேட்ட பிள்ளைகள் உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

அடுத்த பெரிய முயற்சி தொலைக்காட்சி. 1969-இல் விக்ரம் சாராபாய் முன்னின்று, அமெரிக்காவின் நாசாவோடு ஓர் ஒப்பந்தம் ஆனது. அதன்படி ஏடிஎஸ்-6 என்ற செயற்கைக்கோளை நமக்கு ஓராண்டு கடனாகக் கொடுத்தார்கள். 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு நேரடியாக டிவி நிகழ்ச்சி வந்தது. ஆந்திரம், கர்நாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகியவையே அந்த ஆறு. தமிழ்நாடு அதில் இல்லை. கோழிக்கூண்டுக்கு அடிக்கிற கம்பி வலையை வைத்தே ஆன்டெனா செய்திருந்தார்கள். திட்டத்துக்கு வித்திட்ட சாராபாய் 1971 டிசம்பரிலேயே காலமாகிவிட்டார். அவர் அதைக் கண்ணால் பார்க்கவில்லை.

இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. பிள்ளைகளுக்குப் பாடம் காட்டியதோடு அவர்கள் நிற்கவில்லை. அதே டிவி வழியாக ஏறத்தாழ 50,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். பெட்டியை அனுப்பினால் போதாது, வாத்தியாரையும் தயார்செய்ய வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்திருந்தது. பிற்காலத்தில் பல திட்டங்களில் நாம் மறந்தது இதைத்தான்.

நான் இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்தது 1982-இல். துணைக்கருவி என்றால் எங்களுக்கு அட்டை, பசை, மணிச்சட்டம், கம்பளித் துணி ஒட்டிய பலகை ஆகியவைதான். 1986-இல் மன்னார்குடிப் பக்கம் ஒரு சிற்றூரில் வேலை கிடைத்தது. ஓட்டுக் கட்டடம், ஒரே அறை, ஐந்து வகுப்பு. மழை பெய்தால் கரும்பலகையில் தண்ணீர் வழியும்.

அதே சமயத்தில் நாட்டில் என்ன நடந்தது தெரியுமா? 1984-85-இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற பெயரில் ஒரு கணினித் திட்டத்தைத் தொடங்கி, முதற்கட்டமாக 250 பள்ளிகளுக்கு இங்கிலாந்தின் 'பிபிசி மைக்ரோ' கணினியைக் கொடுத்திருந்தது. மூன்றாண்டு கழித்து, 1987-இல், அதே மத்திய அரசு 'கரும்பலகைத் திட்டம்' கொண்டுவந்தது. ஒவ்வொரு தொடக்கப்பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், அடிப்படைத் துணைக்கருவிகள் இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். சில பள்ளியில் கணினி, பல பள்ளியில் கரும்பலகைக்கே திட்டம் போட வேண்டிய நிலை. இந்த இரண்டும் ஒரே பத்தாண்டில்.

கரும்பலகைத் திட்டத்தில் எங்களுக்கும் ஒரு பெட்டி வந்தது. உலக உருண்டை, வரைபடம், அறிவியல் சாமான்கள் எல்லாம் இருந்தன. தலைமையாசிரியர் அதை இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, பீரோவில் வைத்துப் பூட்டினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தணிக்கைக்கு வருகிறவர் எண்ணிப் பார்ப்பார். ஒரு லென்ஸ் உடைந்தாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஓய்வு பெறும்போது தடையின்மைச் சான்று கிடைக்காதோ என்ற பயம் வேறு. பிள்ளை கையில் கொடுத்து உடைந்தால் தண்டனை, பீரோவில் துருப்பிடித்தால் யாரும் கேட்கப்போவதில்லை. இப்படி ஒரு விதி இருந்தால் எந்த மனிதனும் பூட்டத்தான் செய்வான். பின்னால் கணினிக்கு நடந்ததும் இதே கதைதான்.

கணினிக்கு வருவோம். பல ஆசிரியர்கள் கணினிக்குப் பயந்ததற்கு ஆங்கிலம் தெரியாததே காரணம் என்பார்கள். அது பாதி உண்மை. தமிழ் அடிக்க முடியாததுதான் எங்களுக்குப் பெரிய தடை. அதுவரை வினாத்தாள் என்றால் ஸ்டென்சில் தாளில் ஊசிப் பேனாவால் கையால் எழுதி, உருளையில் மை தடவி எடுப்போம். அதைக் கணினியில் அடிக்கலாம் என்றபோது ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தார்கள். ஒருவரிடம் பாமினி, அரசு அலுவலகத்தில் வானவில், இன்னொருவரிடம் வேறொன்று. பாமினியில் அடித்த வினாத்தாளை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழ் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். தட்டச்சு முறைப்படி அடித்தால் 'கொ' என்ற எழுத்துக்கு முதலில் கொம்பு, பிறகு 'க', பிறகு கால். ஒரு பக்கம் அடிக்க ஒரு மணி நேரம் ஆகும்.

1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு நடந்தது. அதையொட்டி 'தமிழ் 99' விசைப்பலகையை அரசு ஏற்றது. உயிரெழுத்து இடப்பக்கம், மெய் வலப்பக்கம். 'க'வை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். தமிழ் இலக்கணம் தெரிந்த வாத்தியாருக்கு அது சுலபம். ஆனால் எங்கள் வரை அது வந்துசேரப் பல ஆண்டு ஆனது. 2010-இல் அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. அதன் பிறகுதான் ஓரிடத்தில் அடித்த தமிழை இன்னோரிடத்தில் படிக்க முடியும் என்ற நம்பிக்கையே எங்களுக்கு வந்தது. இன்று நீங்கள் வாட்ஸ்அப்பில் தமிழில் 'காலை வணக்கம்' போடுகிறீர்களே, அதன் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது.

இதற்கிடையில் 2004 செப்டம்பர் 20-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கல்விக்கென்றே 'எஜுசாட்' செயற்கைக்கோளை ஏவினார்கள். அனைவருக்கும் கல்வித் திட்டத்தில் நடுநிலைப் பள்ளிகளுக்குக் கணினிகள் வந்தன. நான் அப்போது ஒரு நடுநிலைப் பள்ளியில் இருந்தேன். எங்களுக்கு ஐந்து நாள் பயிற்சி நடந்தது. ஒரு கணினிக்கு நான்கு பேர். வேகமாகப் பழகுகிற இளைஞர் ஒருவர் மவுஸைப் பிடித்துக்கொள்வார், மற்ற மூவரும் பின்னால் நின்று பார்ப்போம். ஐந்து நாளில் என் கை மவுஸில் பட்டது மொத்தமாகப் பத்து நிமிடம் இருக்கலாம். கடைசி நாள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். என் பணிப்பதிவேட்டின்படி நான் கணினி தெரிந்தவள்.

பள்ளிக்கு வந்து ஒருநாள் கணினியை நானே போட்டேன். திரை நீலமாகி ஏதோ எழுத்து ஓடியது. கெடுத்துவிட்டோம் என்று பயந்து சுவரிலிருந்து பிளக்கையே பிடுங்கினேன். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன்பிறகு இரண்டு ஆண்டு அந்தப் பக்கமே போகவில்லை. கேட்டால் "கரண்ட் இல்லை" என்பேன். அது பொய்யும் இல்லை. 2008-க்குப் பிறகு சில ஆண்டுகள் மாவட்டங்களில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். என் பயத்துக்கு அது நல்ல மறைவாக அமைந்தது.

2011 செப்டம்பர் 15-இல் தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். மாணவன் கையில் கருவி வந்துவிட்டது, தொடக்கப்பள்ளி ஆசிரியர் கையில் வரவில்லை. என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த பையன் ஒருவன் தன் மடிக்கணினியைக் காட்ட வீட்டுக்கு வந்தான். "நீங்க அடிச்சுப் பாருங்க டீச்சர்" என்றான். "வேண்டாம்ப்பா, கெட்டுடும்" என்றேன். "கெட்டா நான் பாத்துக்கறேன் டீச்சர், நீங்க தொடுங்க" என்றான்.

இதை அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. மூன்று சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான். நான் தப்பு செய்தபோது அவன் கை மவுஸுக்கு வரவில்லை, வாயால் மட்டும் சொன்னான். இருபத்தைந்து ஆண்டு பிள்ளைகளுக்குக் கைபிடித்து எழுதச் சொல்லிக்கொடுத்த நான், அந்தப் பையனிடம்தான் நல்ல பயிற்சி எப்படி இருக்கும் என்று கற்றேன். நான்காம் நாள் முழு வினாத்தாளையும் தமிழில் நானே அடித்தேன்.

பிறகு எல்லாம் வேகமாக வந்தது. 2017 ஆசிரியர் தினத்தன்று 'தீக்ஷா' தளம் தொடங்கியது. 2018-இல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு இருந்தது. அதே ஆண்டு நவம்பர் 16-இல் கஜா புயல் எங்கள் பக்கத்தைப் புரட்டிப் போட்டது. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. கரும்பலகையும் செயல்வழிக் கற்றல் அட்டைகளும்தான் கைகொடுத்தன. 2019 ஆகஸ்ட் 26-இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. அடுத்த மார்ச்சில் கொரோனா வந்து பள்ளிகளை மூடினார்கள்.

இனி எழுதுவது கொஞ்சம் கஷ்டமானது. அந்த ஊரடங்கில் நான் போனில் பாட வீடியோ எடுக்கப் பழகினேன். சமையலறைச் சுவரில் சார்ட் ஒட்டி, போனைத் தம்ளரில் சாய்த்து வைத்து எடுப்பேன். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பெற்றோர் கைகூப்பும் படம் போடுவார்கள். மற்ற பள்ளி ஆசிரியர்களும் கேட்டு வாங்கிப் போட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மவுஸுக்குப் பயந்தவள் இப்போது வீடியோ டீச்சர்!

ஏறத்தாழ 19 மாதம் கழித்து, 2021 நவம்பர் 1-இல் தொடக்க வகுப்புகள் திறந்தபோது ஒரு பையன் வரவில்லை. நான்காம் வகுப்புப் பையன், இப்போது ஐந்து. வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டில் இருந்தது பட்டன் போன். என் வீடியோ ஒன்றைக்கூட அவன் பார்த்ததில்லை. மாமாவோடு வாத்து மேய்க்க வேறு மாவட்டம் போய்விட்டான் என்றார் பாட்டி. என் வீட்டிலிருந்து அந்த வீடு ஒன்றரை கிலோமீட்டர். அத்தனை மாதத்தில் தளர்வு வந்த பிறகுகூட ஒருமுறை நடந்து போய்ப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. குழுவில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணினேனே தவிர, குழுவில் யார் இல்லை என்று எண்ணவில்லை. இன்றும் உறுத்துகிறது.

நானும், ஊரில் இல்லம் தேடிக் கல்வி வகுப்பு எடுத்த பெண்ணும் நாலைந்து முறை அலைந்தோம். 2022 பிப்ரவரியில் பையன் திரும்பி வந்தான். எழுத்துக்கூட்டக்கூட மறந்திருந்தான். சத்தமாகப் படிக்க வெட்கம். என் போனைக் கையில் கொடுத்து, "தனியா உட்கார்ந்து படிச்சுப் பதிவு பண்ணு, நீயே கேளு, தப்பு இருந்தா அழிச்சிட்டுத் திரும்பப் படி" என்றேன். மரத்தடியில் உட்கார்ந்து ஒரு பத்தியை ஏழெட்டு முறை பதிவு செய்வான். யாருக்கும் காட்ட மாட்டான். சரியாக வந்ததை மட்டும் என்னிடம் போட்டுக் காட்டுவான். நான் ஓய்வு பெறுவதற்குள் ஒரு பாடத்தை நிறுத்தாமல் படித்தான். நான் எடுத்த அத்தனை வீடியோவையும்விட அந்தப் பதிவுகளே உருப்படியான கணினிக் கல்வி என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் கேட்ட அந்த ஆசிரியை, "அப்போ நான் என்ன செய்யணும் டீச்சர்?" என்றாள்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். போர்டு கெட்டால் நீ பொறுப்பில்லை என்று உன் தலைமையாசிரியரை எல்லார் முன்னாலும் ஒருமுறை சொல்லச் சொல். பிள்ளைகளில் போன் பழகிய ஒருவனைப் பக்கத்தில் நிறுத்தி, அவன் கை வைக்காமல் உனக்குச் சொல்லித் தரச் சொல். வாத்தியாரும் கற்றுக்கொள்கிறார் என்று பிள்ளைகள் பார்ப்பதில் மானம் ஒன்றும் போகாது. வீட்டில் போன் இல்லாத பிள்ளைகளின் பெயரை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள். போர்டு அருகே முதலில் அவர்களைக் கூப்பிடு.

"நாளைக்கு உங்க பள்ளிக்கு வரேன். நீ அழுத்து, நான் பக்கத்துல நிக்கறேன்" என்றேன். போனேன். முதல் அழுத்திலேயே திரை கறுத்துப் போனது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மூன்றாம் வகுப்புப் பெண் குழந்தை ஒன்று எழுந்து வந்து, "டீச்சர், அது தூங்குது, திரும்பத் தொடுங்க" என்றது.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் பள்ளிக்கு முதல் கணினி வந்த நாள் நினைவிருக்கிறதா? உங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் யார்? கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.