வாயில் கடந்து வந்தவர்



என் சிறுவயதில், ஒரத்தநாட்டுப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றுக்கு நெல் அரைக்கச் சென்ற என் தாய்மாமன், அந்திக் கருக்கலில், நெல் ஊறவைக்கும் தொட்டிக்குள் விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டார். தொட்டிக்கு மூடியில்லை, அருகில் விளக்குமில்லை. ஆலைக்காரர் கட்டுப்போடப் பணம் கொடுத்தார். ஊரார், "போதாத காலம்" என்றனர். மாமனும் அவ்வாறே எண்ணினார். அதன்பின் அவர் ஏர் பிடிக்கவில்லை.

சட்டம் பயிலத் தொடங்கியபோதுதான் இதே போன்றதொரு வீழ்ச்சி வரலாற்றில் இடம்பெற்றிருப்பதை அறிந்தேன். லண்டனில் ஒரு சர்க்கரை ஆலை. எரிவாயுக் கருவியைச் சோதிக்கச் சென்ற இண்டர்மோர் என்னும் தொழிலாளி, மேல்தளத்தில் தடுப்பின்றிக் கிடந்த பாரந்தூக்கும் குழிவழியே கீழே விழுந்தார். ஆலைக்குரிய டேம்ஸ் என்பவர்மீது வழக்குத் தொடுத்தார். 1866இல் நீதிபதி வில்ஸ் அளித்த தீர்ப்பு இது: தொழில் நிமித்தம் வருபவர் தம்மளவில் எச்சரிக்கையாக நடந்துகொள்வாராயின், உரிமையாளர் அறிந்த, அல்லது அறிந்திருக்க வேண்டிய அசாதாரண ஆபத்திலிருந்து அவரைக் காக்க நியாயமான கவனம் எடுத்தாக வேண்டும்.

நல்ல தீர்ப்புத்தான். ஆயின், இதனையொட்டி ஆங்கில நீதிமன்றங்கள் வாயில் கடந்து வருவோரைப் பந்தி பிரித்து உட்கார்த்தின. தொழில் நிமித்தம் வருபவருக்கு முதற்பந்தி. வெறும் அனுமதியால் வருபவருக்கு இரண்டாம் பந்தி. உரிமையாளர் தமக்குத் தெரிந்த மறைவான ஆபத்தை அவருக்கு எச்சரித்தால் போதும். அத்துமீறி நுழைந்தவனுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. வேடிக்கை என்னவெனில், விருந்துக்கு அழைத்த நண்பரும் இரண்டாம் பந்தியிலேயே வைக்கப்பட்டார்! கடையில் காசு கொடுத்து உண்பவருக்குள்ள காப்பு, வீட்டிற்கு வந்த விருந்தினருக்கு இல்லை.

ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரத்தை நீங்கள் கண்டிருக்கலாம். இரண்டாம் சரபோஜி மன்னர் தம் அன்புக்குரிய முக்தாம்பாளின் நினைவாக, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய அறச்சாலை அது. இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்கள் அங்கே காசின்றி உண்டனர், உறங்கினர். 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டு நிருவாகம் கும்பெனியாரிடம் சென்ற பின்னரும், தஞ்சைச் சத்திரங்களைத் தம் பொறுப்பிலேயே விட்டுவைக்குமாறு மன்னர் மன்றாடினார். அத்தகைய சத்திரத்தின் படியில் ஒரு யாத்திரிகர் இடறி விழுந்திருப்பின், ஆங்கிலக் கணக்குப்படி அவர் இரண்டாம் பந்தியினரே. காசு கொடாமல் உண்டவர் அன்றோ! விருந்தோம்பலை அறமாகக் கொண்ட ஊரில் இக்கணக்கை எங்ஙனம் ஒப்புவது?

இங்கிலாந்தே இதனை நெடுநாள் ஒப்பவில்லை. 1957இல் இயற்றப்பட்ட சட்டம், முறையாக வரும் அனைவருக்கும் ஒரே வகையான கவனம் உரியது என விதித்துப் பந்தி வேற்றுமையை ஒழித்தது. அப்பொறுப்பும் பட்டா யார் பெயரில் உள்ளது என்பதைப் பொறுத்ததன்று; இடத்தைத் தம் கைவசம் வைத்திருப்பவரையே அது சாரும்.

நம் நாட்டில் இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றப்படவில்லை. நீதிமன்றத் தீர்ப்புகளே வழிகாட்டுகின்றன. தில்லி சாந்தினி சௌக்கில் நகராட்சிக்குரிய மணிக்கூண்டு இடிந்து விழுந்து பலர் மாண்டனர். கட்டடத்தின் வயது ஏறத்தாழ 80. அதன் சாந்துக்குரிய ஆயுளோ 40, 45 ஆண்டுகளே. பழுது வெளியே தெரியவில்லை என்று நகராட்சி வாதிட்டது. 1966இல் உச்சநீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. பாதையோரத்தில் கட்டடம் வைத்திருப்பவர், அதன் பழுதை அறிந்திருப்பினும் அறியாதிருப்பினும், செப்பமாகப் பேணக் கடமைப்பட்டவர் என்றது.

என் மாமன் வழக்காடியிருந்தால் வென்றிருப்பாரா? லண்டன் தொழிலாளியைப் போல அவரும் முதற்பந்தியினரே. ஆயினும், கேட்கும் இழப்பீட்டுத் தொகைக்கேற்ப நீதிமன்றக் கட்டணம் முன்னதாகக் கட்ட வேண்டும். வசதியற்றவர் கட்டணமின்றி வழக்காட உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் வழியுண்டு. அதற்குத் தனி மனு, தனி விசாரணை. இதை அவருக்குச் சொல்வார் எவருமில்லை.

மறு அறுவடைக்கு நெல் மூட்டையோடு நான் அந்த ஆலைக்குப் போனேன். தொட்டியின்மேல் பலகை போட்டிருந்தார்கள்.